கரையோரக் கட்டுமானச் சொற்களும் தமிழாக்கமும்: மாஹிமை முன்வைத்து

மாஹிமையும் பாந்திராவையும் இணைக்கும் காஸ்வே, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் அளித்த பெருநிதியால் 1840களில் எழுந்தது. இதனைத் தமிழில் குறிக்கப் 'பாலம்', 'தரைப்பாலம்' என்னும் இரு சொற்கள் கைக்கு எளிதாக வருகின்றன. இரண்டும் பொருந்தா. தரைப்பாலம் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் எழுவது, வெள்ளம் வந்தால் மூழ்கும் தாழ்ந்த ஆற்றுவழியே ஆகும். பாலம் என்பதோ தூண்களையும் அடியில் ஓடும் நீரையும் நினைவூட்டுவது. மித்தி ஆறு கடலில் கலக்க இங்கு ஒரு பாலப்பகுதி உண்டெனினும், காஸ்வே என்னும் சொல்லின் உட்கிடை, சதுப்பின்மேல் உயர்த்தப்பட்ட கரையும் அதன்மேல் செல்லும் சாலையுமே.

'கடற்பாலம்' என்னும் தொடரின் நிலை இன்னும் சிக்கலானது. சிங்கப்பூர்த் தமிழ் இதழ்கள் ஜொகூர் காஸ்வேயை அவ்வாறே எழுதுகின்றன. அதுவோ கல் கொட்டி எழுப்பிய திண்கரை. பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்திற்கும் அதே பெயர் வழங்கியது. கோழிக்கோட்டிலும் ஆலப்புழையிலும் 'கடல்பாலம்' என்பது கடலுக்குள் நீண்டு நின்றுவிடும் பியரைக் குறிக்கும். தாய்லாந்து மொழியிலும் இப்போக்கைக் காணலாம். அங்கு மீன் இறக்கும் தளத்திற்குச் 'சபான் பிளா' என்று பெயர், நேர்ப்பொருள் மீன்பாலம். நீரின்மேல் நடந்து செல்ல உதவுவதெல்லாம் மக்கள் வழக்கில் பாலமே போலும்.

இனித் 'துறை'. இதற்கு இணையான தாய் மொழிச் சொல் 'தா' ஆகும். பாங்காக்கின் தா தியன், தா சாங் முதலிய ஆற்றுத்துறைகள் தொடங்கிப் பெருந்துறைமுகம் வரை அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். நம் துறையும் அத்தகையதே. ஆயின் நமக்கு மற்றொரு தொல்லை உண்டு. துறை என்பது இன்று அரசு அலுவலகப் பிரிவையும் குறிப்பதால், 'கப்பல்துறை' எனக் கண்ட வாசகர் அது நிர்வாகமா, கட்டுமானமா எனத் தயங்க நேர்கிறது.

இஃது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஜெட்டி, வார்ஃப், கீ ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து எண்ணுகிறது. மூன்றையும் 'படகுத்துறை' என்றே பெயர்த்தால், தம் கரையை ஒட்டிச் சுவர் எழுப்பப்படுமா, வலை வீசும் நீருக்குள் தளம் நீளுமா என்பதை அதனைப் படிக்கும் மீனவர் அறிய இயலாது. அவருக்கு வேண்டிய வேறுபாடு இதுவே. எனவே கரைக்கு இணையாக அமையும் கீயைக் 'கரைத்தளம்' எனவும், நீருக்குள் நீளும் ஜெட்டியை 'நீள்தளம்' எனவும் பிரிக்கலாம். வார்ஃப் பெரும்பாலும் கரைத்தளத்துள் அடங்கும். சட்ட மொழிபெயர்ப்பில் மட்டும் அதனை ஒலிபெயர்த்து வைப்பது நன்று. குறிகட்டுவானில் வழங்கும் 'இறங்குதுறை' பயன் நோக்கிய நல்ல சொல். ஆயின் வடிவத்தை உணர்த்தாது.

டாக் குறித்து ஓர் எச்சரிக்கை. 1875இல் அமைந்த சசூன் டாக், 1880இல் அமைந்த பிரின்ஸ் டாக் ஆகிய பெயர்களில் அச்சொல், பிரித்தானிய வழக்கின்படி, சுவர்களால் சூழப்பட்ட நீர்ப்பரப்பைச் சுட்டும். அமெரிக்க வழக்கிலோ அது பெரும்பாலும் நிற்கும் மேடையாகும். ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தல் தகாது.

ஆங்கிலச் சொற்கள் எனப்படுவனவும் முற்றும் ஆங்கிலமல்ல. ஹார்ன்பி வெல்லார்டில் உள்ளது வேலி, கரை எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல். அப்போலோ பந்தரில் உள்ளது பாரசீகச் சொல். (பதிற்றுப்பத்தில் வரும் பந்தர் என்னும் ஊரை இதனோடு இணைக்க ஒலியொப்புமை மட்டும் போதாது.) மராத்தியரோ 'ஃபெரி வார்ஃப்' என்ற பெயரைப் பொருட்படுத்தாமல் 'பாவுச்சா தக்கா' என்றே வழங்குகின்றனர்.

காஸ்வேக்கு 'அணைகரைச் சாலை' என்பதை முன்மொழியலாம்; நீளம் அதன் குறை. மாஹிமில் இடப்பெயராக நிலைத்துவிட்டதை மாற்ற வேண்டுவதில்லை. அலையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டப்படும் கல்வரிசைக்குத் தமிழகக் கடலோரத்தில் வழங்கும் 'தூண்டில் வளைவு' இன்று அரசு ஆவணங்களிலும் இடம்பெறுகிறது. நேராக அமைந்தவற்றிற்கும் அப்பெயரே வழங்குவதைச் சிலர் பிழை எனக் கூறலாம். வளையாத தூண்டில் வளைவை மீனவர் எவரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.