வேலி மாறும்போது கொடிக்கு என்ன வழி?

யாழ்ப்பாணத்து வேலி ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோகிற காரியமல்ல. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை, அதாவது துளிர்க்கும் உயிர்க்கம்புகளை, வரிசையாக ஊன்றி, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள். கொப்பு தழைத்தால் தறிப்பார்கள். குழை ஆட்டுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் போகும். பட்டுப்போன கதியாலை மட்டும் பிடுங்கி, அந்த இடத்தில் வேறொன்றை நடுவார்கள். வேலி முழுவதும் ஒரே நாளில் மாறாது. அதனால் அதில் படர்ந்த முசுட்டைக்கும் தூதுவளைக்கும் கொவ்வைக்கும் பற்றிக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு தடி இருக்கும்.

கேரளத்து இடுக்கியின் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், குமுளியிலும் வண்டன்மேட்டிலும், உயிர்மரத்துக்கு வேலை இன்னும் அதிகம். முருக்கும் சீமைக்கொன்றையும் எல்லையில் நின்றால் வேலி, மிளகுக்கொடி ஏறினால் தாங்குமரம். இருபது ஆண்டுகளுக்கு முன் முருக்கின் இலையிலும் தளிரிலும் முடிச்சு விழவைக்கும் சிறு குளவி கேரளத்தில் பரவி, ஏராளமான மரங்களை வாட்டியது. பிறகு கல்தூணும் கம்பியும் வந்தன. பன்றிக்கும் யானைக்கும் பயந்து சூரிய மின்வேலி போடுகிறவர்கள் பழைய வேலியை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். மின்கம்பியைப் பச்சைக் கொடி தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அங்கே கொடிக்கு இடமே இல்லை.

தாங்குமரத்தை எடுத்ததும் தரையில் சரிந்து கிடக்கும் கொடியை அப்படியே தூக்கிப் புதுத் தூணில் சாத்துவதுதான் பலரும் செய்வது. ஆனால் மிளகுக்கொடியின் கணுவில் இருக்கும் பற்றுவேர் ஒருமுறை பிய்ந்தால் மறுபடி ஒட்டாது. புதிதாக வளரும் நுனிதான் பற்றும்; அதுவரை வாழைநாரால் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். அடியில் ஓடும் கொடிகளையும் தொங்கும் கிளைகளையும் கழிக்கலாம். காய்க்கும் பக்கக்கிளையில் கத்தி படக்கூடாது. வேலிச்செடிகளான செம்பருத்தியும் ஆடாதோடையும் இதற்கு நேர்மாறு. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் முதிர்ந்த தண்டிலிருந்தே துளிர்க்கும்.

கம்பை எப்போது வெட்டி ஊன்றுவது என்பதில்தான் இரு நாடும் பிரிகின்றன. இடுக்கியில் பங்குனி, சித்திரையில் முருக்கங்கம்பை வெட்டி நிழலில் நிறுத்தி வைப்பார்கள். வைகாசியில் அது முளைவிடும்; மழை விழுந்ததும் ஊன்றுவார்கள். மிளகு நடுவது திருவாதிரை ஞாற்றுவேலையில், ஜூன் 22 வாக்கில் தொடங்கும் இரண்டு வாரத்தில். கொடியைப் பறங்கியர் கொண்டுபோகலாம், ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி சொன்னதாக மலையாளிகள் ஒரு கதை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கு அந்த மழை கிடையாது. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் கதியால். யாழ்ப்பாணக் கணக்கை இடுக்கியில் பின்பற்றினால் கம்பு வேர் பிடிக்கும் முன்பே கோடை வந்துவிடும்.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கணவாய்க் காற்று வேறு. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும் அந்தக் காற்றில், மொட்டையடித்த செடி தண்ணீரில்லாமல் காய்ந்தே போகும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். சித்தூர்ப் பக்கமும் அந்தக் கணக்கு பொருந்தும், பாசனம் இருந்தால்.

புதுக் கம்பு தளிர்த்ததும் கொடியை ஏற்றிவிடும் அவசரம் இரு நாட்டிலும் உண்டு. முதல் தளிர் கம்பில் சேர்ந்திருந்த சத்தில் வருவது. வேர் அதற்குப் பிறகுதான். ஒரு மழைக்காலம் முழுதாகப் போகட்டும்.

என் தீர்ப்பு யாழ்ப்பாணத்து முறைக்கே. எல்லையில் மதிலோ கம்பியோ வரட்டும். ஆனால் பழைய வேலியை ஒரே நாளில் எடுக்காதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று வையுங்கள்.