பக்கம் மாறுகிற காதல்: ஹோஷ்ரூபாவின் மாந்தர்கள்

கதாநாயகன், கதாநாயகி என்று தேடிப் போனால் ‘திலிஸ்மே ஹோஷ்ரூபா’ கையில் சிக்காது. 1883க்கும் 1893க்கும் இடையில் லக்னோவில் முன்ஷி நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட உருது தாஸ்தான் இது. ஏழு தொகுதிகள், எண்ணாயிரம் பக்கங்களுக்கு மேல். முதல் நான்கை முகம்மது ஹுசேன் ஜாஹ் எழுதினார், மீதியை அகமது ஹுசேன் கமர். அமீர் ஹம்சா கதைவரிசையின் நாற்பத்தாறு தொகுதிகளில் இது ஒரு துண்டுதான். நான் உருது அறியாதவன். முஷாரஃப் அலி ஃபரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு (முதல் தொகுதி, 2009) வழியாகத்தான் இதற்குள் நுழைந்தேன். மகோந்தோவின் தெருக்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நம் சிறுபத்திரிகை வாசகனுக்கு லக்னோவின் இந்த மாயநிலம் அறிமுகமே ஆகவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த மாந்தர்களை ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்க்கிறேன்.

திலிஸ்ம் என்பது மந்திரவாதிகள் கட்டியெழுப்பிய மாயப் பிரதேசம். ஹோஷ்ரூபா என்றால் அறிவைக் களவாடுவது. வெளித்தெரியும் பகுதி, மறைந்த பகுதி, இருள் பகுதி என்று அதில் மூன்று நிலங்கள். முதலிரண்டுக்கும் நடுவே ஓடுவது ரத்த ஆறு. ஆனால் திலிஸ்மைக் கட்டும்போதே அதை உடைக்கப் போகிறவன் யார் என்பதும் விதிக்கப்பட்டு விடுகிறது. உடைக்கும் வழியைச் சொல்லும் பலகை ஒன்றும் எங்கோ ஒளிந்திருக்கிறது. அதிகாரம் தன் முடிவைத் தன் அடித்தளத்துக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

இந்த நிலத்தின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற சாமிரியின் புத்தகம் அவனிடம் இருக்கிறது. எதிரி எந்த வேடத்தில் எங்கே நிற்கிறான் என்பதைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்கிறான், ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறான். புத்தகத்தைத் திறப்பதற்குள் தெருவில் காரியம் முடிந்துவிடுகிறது. அவன் ஆதரிக்கிற தெய்வம் லகா இன்னும் வேடிக்கை. தன்னைக் கடவுள் என்று அறிவித்துக்கொண்ட ராட்சசன். ஹம்சாவிடம் தோற்று ஊர் ஊராக ஓடிக்கொண்டிருப்பவன். ஓடுவதையும் தன் விதிப்பு என்றே சொல்லிக்கொள்வான். இந்தச் சாமியை நமக்கெல்லாம் நல்லாவே தெரியும்.

மான் வேட்டைக்குப் போன ஹம்சாவின் மகன் பதீயுஸ்ஸமான் திலிஸ்முக்குள் சிக்கிக்கொள்ள, அதை உடைக்க அனுப்பப்படுகிறவன் ஹம்சாவின் பேரன் அசத். அழகன், வீரன், மஹ்ஜபீன் என்ற மாயநாட்டு இளவரசியைக் காதலிப்பவன். சம்பிரதாயமான நாயகன் இவன்தான். ஆனால் அவன் விரைவிலேயே சிறைப்பட்டுவிடுகிறான். கதை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. இத்தனை பக்கங்களை நகர்த்துகிறவர்கள் வேறு இரண்டு கூட்டத்தார்: பக்கம் மாறிய மந்திரக்காரிகள், மந்திரமே தெரியாத எத்தர்கள்.

முதலில் மந்திரக்காரிகள். மஹ்ருக் அஃப்ராசியாபின் குடைக்குக் கீழ் இருந்தவள், பிறகு கலகப் படையை நடத்துகிறாள். பஹார், பெயருக்கேற்ப வசந்தம். பூச்செண்டை வீசினால் எதிரே நிற்கிற படை முழுக்க அவள்மேல் பித்துப் பிடித்துத் தன்னை மறந்துவிடும். காதலை இவ்வளவு அப்பட்டமாக ஆயுதமென்று காட்டிய பிரதியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்த பஹாரும் கலகப் பக்கம் வந்துவிடுகிறாள். அவளுடைய சொந்த அக்கா ஹைரத்தோ அஃப்ராசியாபின் பட்டத்தரசி. ஆகவே இந்தப் போர் ஒரு வீட்டுக்குள் நடக்கிற போரும்கூட. ஹைரத்தை வில்லி என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அவள்தான் கனமான பாத்திரம். தங்கை போனாள், தளபதிகள் போனார்கள், இவள் மட்டும் நகராமல் நிற்கிறாள். விசுவாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் விசுவாசம்தானே என்ற கேள்வியைப் பிரதி கேட்கவில்லை, நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இங்கே காதல் ஒருவழிப் பாதை. மந்திரக்காரி இளவரசனைப் பார்க்கிறாள், மயங்குகிறாள், தன் தெய்வங்களை விட்டு அவனுடைய மார்க்கத்துக்கு வருகிறாள். காதல் வந்தால் மதமும் அரசும் சேர்ந்து மாற வேண்டும், அதுவும் பெண்தான் மாற வேண்டும். மற்றமையை அணைத்துக்கொள்வதுபோல விழுங்குகிற கதையாடல் இது. இதை மறைத்துவிட்டுக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் பிரதி தன் சட்டத்தைத் தானே மீறுகிறது. ஹம்சாவின் தரப்புக்கு மந்திரம் விலக்கப்பட்டது. திலிஸ்முக்குள்ளோ அந்தத் தரப்பு உயிர் பிழைப்பது மாறிவந்த இந்தப் பெண்களின் மந்திரத்தால்தான். எதை மறுக்கிறார்களோ அதைக் கொண்டுதான் ஜெயிக்கிறார்கள். கொள்கைக் கட்சிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அமர் அய்யார். ‘அய்யார்’ என்பதற்கு ஒற்றன், வேடதாரி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நம்மிடம் இருக்கிற எத்தன்தான் பொருத்தம். (அப்படியே எழுதினால் தமிழில் வேறு ஆளை நினைத்துக்கொள்வார்கள்.) ஹம்சா கதையில் அமரின் பிறப்பைச் சொல்லும் இடம் மறக்க முடியாதது. ஹம்சா பிறந்த அன்றைக்கே பிறக்கும் ஆண்பிள்ளைகளின் குடும்பத்துக்குப் பொன் உண்டு என்று அறிவிப்பு. ஒட்டகமோட்டி ஒருவன், இன்னும் மாதம் நிறையாத தன் மனைவியை வயிற்றில் உதைக்கிறான். குழந்தை பிறக்கிறது, தாய் செத்துப்போகிறாள், பொன் கிடைக்கிறது. தூக்கிப் பார்த்த அமைச்சரின் விரல் மோதிரத்தைக் குழந்தை திருடிக்கொள்கிறது. இதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிரபு குழந்தையின் ஜாதகத்துக்குத் துணையாக வயிற்றிலிருந்து உதைத்து வெளியேற்றப்பட்டவன் அவன். அவனுடைய தீராத பண ஆசையை வெறும் கஞ்சத்தனம் என்று நான் எப்படிப் படிப்பது?

அவனிடம் மந்திரம் இல்லை. இருப்பது ஸம்பீல் என்ற பை. ஊர்களே அடங்கிவிடும், போட்டது எதுவும் நிறைக்காது. மறைக்கும் போர்வை, மயக்கமருந்து, வேடம். பாடகி, பணிப்பெண், கிழவி என எதுவாகவும் மாறி மந்திரவாதியின் கூடாரத்துக்குள் நுழைந்து கழுத்தை அறுத்துவிட்டு வருவான். சரி, இவனை விளிம்புநிலை நாயகன் என்று முத்திரை குத்திவிடலாமா? கூடாது. பிணத்தின் துணிவரைக்கும் உருவுகிறவன் அவன். கடைசியில் அவன் உழைப்பது அரசகுலத்துக்கு. அவனோடு போகிற நான்கு எத்தர்களில் ஒருவனுக்குப் பெயர் பர்க் ஃபிரங்கி. 1857 முடிந்து கால் நூற்றாண்டில், லக்னோவில், ஒரு வெள்ளைக்காரப் பெயர் ஏவலாள் வரிசையில் நிற்கிறது!

இவர்களுக்கு எதிரே ஐந்து எத்திகள், தலைவி ஸர்ஸர். ஆணுக்கொரு பெண்ணாக ஜோடி. இரு தரப்பிலும் மந்திரம் கிடையாது, வித்தை சமம். அமர் ஸர்ஸரை மயக்கமருந்து கொடுத்துச் சாய்ப்பான். அடுத்த முறை அவள் இவனைச் சாய்த்து மூட்டைகட்டி அரண்மனைக்குத் தூக்கிப்போவாள். இளவரசிகளுக்கு ஒரு பார்வை போதும், உடனே சரணாகதி. இவள் அப்படிச் சரணடைவதில்லை. இந்தத் தாஸ்தானில் காதல் என்று நான் ஒத்துக்கொள்வது இதைத்தான்.

‘இதெல்லாம் நிலப்பிரபுத்துவ மிச்சம், இப்ப எதுக்குய்யா?’ என்று ஒரு தோழர் கேட்டார். பிரேம்சந்தும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். 1936இல் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டின் தலைமையுரையில், திலிஸ்ம் கட்டிய பழைய கதைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளினார். இதே ஹோஷ்ரூபாவைச் சிறுவயதில் கோரக்பூரில் வெறியோடு படித்தவரும் அவர்தான். அவர் தள்ளியதற்குக் காரணம் இருந்தது. பசியை எழுத வேண்டிய காலம். ஆனால் பசியில் பிறந்த அமரும் அதே வீச்சில் வெளியே போய்விட்டான். தேவகிநந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ எத்தர்களை வைத்துக்கொண்டு மந்திரத்தைக் கழற்றிவிட்டது. அங்கே திலிஸ்ம் வெறும் இயந்திர வேலைப்பாடு. 1994இல் தூர்தர்ஷனில் நாடெல்லாம் பார்த்தது அதன் நிழலைத்தான். டெல்லியின் கடைசி தாஸ்தான்சொல்லி மீர் பாக்கர் அலி 1928இல் இறந்தார். நாற்பத்தாறு தொகுதிகளையும் தேடிச் சேர்த்த ஷம்சுர் ரஹ்மான் ஃபரூக்கியின் தூண்டுதலில், 2005இல் அந்தக் கலை மறுபடி டெல்லி மேடைக்கு வந்தது.

தமிழில் யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் அசத்தின் பராக்கிரமங்களைச் சுருக்கினாலும் குற்றமில்லை. ஸர்ஸர் வருகிற பக்கங்களில் மட்டும் கைவைக்காதீர்கள்.