யாரோ இவர் யாரோ: நாடகத் தருவிலிருந்து கச்சேரிக்கு

'யாரோ இவர் யாரோ' சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனையில், பால காண்டத்தில் இடம்பெறும் பாடல். இன்று கச்சேரிகளிலும் பரதநாட்டிய மேடைகளிலும் தனிப்பாடலாகவே வழங்குகிறது. பாடலை அறிந்தவர்களில் பலர் நாடகத்தை அறியமாட்டார்கள்.

இராம நாடகம் தரு, விருத்தம் முதலிய உறுப்புகளால் ஆனது, ஸ்ரீரங்கத்தில் அரங்கேறியது. தரு என்பது பாத்திரத்தின் வாயிலாக வரும் நாடகப் பாட்டு. அதற்கு ஆளும் இடமும் உண்டு. இங்கே ஆள் இராமன், இடம் மிதிலை வீதி. கன்னிமாடத்தில் நிற்கும் சீதையை முதன்முதலாகக் கண்டு, பெயர்கூடத் தெரியவில்லையே என்று திகைக்கிறான். ஆனால் முன்பே உறவுடையவர் போலவும் தோன்றுகிறது. அவர்கள் திருமாலும் திருமகளும் என்பது கேட்பவருக்குத் தெரியும், பாடுபவனுக்குத் தெரியாது. பாட்டின் சுவையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாற்கடலில் பிரிந்தவர் மீண்டும் கூடியதாகக் கம்பர் மிதிலைக் காட்சிப் படலத்தில் சொன்னதை, கவிராயர் ஒரு கேள்வியாக மாற்றிவிட்டார்.

நாடகப் பாடல்களுக்கு இசையமைக்க உதவியவர்கள் சட்டநாதபுரம் வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் அவருடைய மாணவர்கள். முதலில் சாவேரியில் அமைந்த இப்பாடல் பின்னர் பைரவிக்கு மாறியது. டி.கே. பட்டம்மாள் (1919–2009) பாடிப் பரவியதும் பைரவியில்தான். பைரவி பாடலுக்குக் கனத்தைக் கொடுத்தது. நிரவலுக்கும் இடம் தந்தது. ஆனால் வீதியில் நடந்துபோகும் இளைஞனின் திடீர்த் திகைப்பு, நிதானமான ஏக்கமாகிவிட்டது. லாபத்தோடு சேர்ந்த நட்டம் இது.

மேடையை விட்டு வெளியேறும் பாட்டு முதலில் இழப்பது, யார் யாரிடம் சொல்கிறார் என்பதையே. அமெரிக்காவில் ரிச்சர்ட் ரோஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 1937இல் மேடையேற்றிய 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்' இசைநாடகத்தின் 'மை ஃபன்னி வாலண்டைன்' பாடலுக்கும் இதுவே நேர்ந்தது. அங்கே வாலண்டைன் கதாநாயகனின் பெயர். அவனை நேசிக்கும் பெண், தோற்றத்தைச் சீண்டியபடியே பாடுகிறாள். பின்னர் செட் பேக்கர் போன்ற ஆண்களும் பாடினார்கள், மைல்ஸ் டேவிஸ் சொல்லே இல்லாமல் ட்ரம்பெட்டில் வாசித்தார். பெயர் மறைந்து அது காதலர் தினப் பாட்டாயிற்று. ஜாஸுக்கு இதில் குறையில்லை. அங்கே மெட்டும் சுருதிக் கோவையும்தான் மூலதனம்.

தமிழ்ப் பாட்டில் சொல்லே பாதி. 'இவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மரியாதைச் சொல் என்பதால், சீதை இராமனைப் பார்த்துப் பாடுவதாகக் கொள்வோர் உண்டு. தலைவியே ஏங்குவது பதங்களில் வழக்கம். அந்தப் பழக்கம் இங்கும் நுழைந்துவிடுகிறது. கன்னிமாடத்தில் நிற்பவர் இராமனாக இருக்க முடியாது என்பதை அனுபல்லவியே காட்டிவிடும். சீதையின் பாட்டாக்கினால் அது எத்தனையோ காதல் பாடல்களில் ஒன்று. தடுமாறும் நாயகனை மேடையேற்றிய கவிராயரின் துணிவு அதில் காணாமற்போகிறது. பாடுவதற்கு முன் மிதிலைக் காட்சிப் படலத்திலிருந்து ஒரு விருத்தம் போதும். கேட்பவர் வீதிக்கு வந்துவிடுவார்.