வீடு ஓரிடம், உரிமை வேறிடம்: கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பசுவையும் கன்றையும் பற்றிய குழந்தைப் பாடலே. சற்று வளர்ந்தவர்கள் 'ஆசிய ஜோதி'யையும் உமர் கய்யாம் பாடல்களையும் அறிவர். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலோ இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் ஒற்றை வரியாக நின்றுவிடுகிறது. 'நகைச்சுவை நூல், சமூகச் சீர்திருத்தம் வேண்டிப் பாடப்பெற்றது' என்று குறிப்பெழுதிக்கொண்டு தேர்வுக்குச் செல்கிறோம். அக்குறிப்பில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அக்குறிப்பே நூலைப் படிக்கவொட்டாமல் நம்மைத் தடுத்துவிடுகிறது. நகைச்சுவை என்றால் சிரித்து மறந்துவிடலாம். சீர்திருத்தம் என்றால் வழக்கம் ஒழிந்தபின் நூலும் பயனற்றது என்று ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்கத்தக்க நூல்தானா இது என்பதை ஆராய்வது தமிழாசிரியர்களாகிய நம் கடமை.

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நெல்வளம் மிக்க நிலம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை அது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கு வாழ்ந்த வேளாளரில் ஒரு பெரும்பகுதியினர் மொழியாலும் வழிபாட்டாலும் தமிழராயினும், சொத்துரிமையில் மலையாள நாட்டு மருமக்கத்தாய முறையைப் பின்பற்றினர். ஒருவன் இறந்தால் அவன் சொத்து அவன் பெற்ற மக்களுக்குச் சேராது. அவனுடைய சகோதரியின் மக்களுக்கே சேரும். குடும்பத்தின் மூத்த ஆண்மகன் காரணவர் என்னும் பெயரில் சொத்து முழுவதையும் ஆள்வார். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு உண்டு. அந்தப் பெயரையே உற்று நோக்குங்கள். உகந்து கொடுப்பது உகந்துடைமை. தந்தை வீட்டில் மகன் பெறுவது உரிமையின் பாற்படாது, உவப்பின் பாற்படும் என்பதைச் சொல்லே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி அந்தச் சமுதாயத்தினுள்ளேயே வளர்ந்தவர். மான்மியத்தை அவர் 1917, 1918 ஆண்டுகளில் 'தமிழன்' என்னும் இதழில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பஞ்சகல்யாணிப் பிள்ளை என்னும் காரணவரின் ஐந்தாம் மனைவி, கணவனை இழந்து, மக்களோடு ஆதரவற்று நின்று, தன் கதையைத் தானே சொல்லுவதாக நூல் அமைந்துள்ளது. பஞ்சகல்யாணி என்பது ஐந்து நற்குறிகள் வாய்ந்த குதிரைக்கு வழங்கும் பெயர். ஐந்து கல்யாணம் செய்துகொண்ட மனிதருக்கு அதைச் சூட்டிய மாத்திரத்தே நகை பிறந்துவிடுகிறது.

நூலின் பெயரும் அத்தகையதே. திருத்தலங்களின் பெருமையைக் கூறும் நூலை மான்மியம் என்பது மரபு. இங்குப் பெருமை பெறுவது ஒரு வாரிசு வழக்கம். படலப் பெயர்களோ காப்பியங்களிலிருந்து எடுத்தவை போல் ஒலிக்கின்றன. 'குலமுறை கிளத்து படலம்' கம்பரை நினைவூட்டும். 'நாகாஸ்திரப் படலம்', 'கருடாஸ்திரப் படலம்' என்பன போர்க்களத்தை நினைவூட்டும். அடுத்து 'மாமி அரசியற் படலம்' என்று வரும்போது போர்க்களம் அடுக்களைக்கு இடம் மாறிவிட்டதை உணர்கிறோம். பெருங்காப்பியத்தின் ஆடையைச் சிறுமைக்கு உடுத்திப் பார்ப்பது எள்ளலின் பழைய வழி. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று அன்றோ?

ஆயினும் எள்ளலோடு நின்றுவிட்டால் நூலின் பாதியையே படித்தவராவோம். யார் சொல்லுகிறார் என்னும் கேள்வியை எழுப்பிப் பாருங்கள். சொல்லுகின்றவள் காரணவர் அல்லள்; மருமகன் அல்லள்; வழக்கறிஞரும் அல்லள். அவ்வீட்டின் சொத்தைப் பொறுத்தவரை வாரிசு வரிசையில் இடமே இல்லாத ஒருத்தி. வழக்கு மன்றத்தில் காரணவருக்கும் மருமக்களுக்கும் வாதாடும் தகுதி உண்டு. சோறு வடித்து, பிள்ளை பெற்று, வசை கேட்டு வாழ்ந்தவளுக்கு அங்கு வாயில்லை. எந்த வாயைச் சட்டம் கேட்கவில்லையோ அந்த வாயைக் கவிதை கேட்டது. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் இழவும் வறுமையும் இடம்பெறுகின்றன. கணவனை இழந்தவளும் வறுமையுற்றவளும் ஒருத்தியாகவே நின்று நம்மைச் சிரிக்க வைக்கிறாள். அவள் நகையின் அடியில் அழுகை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மெய்ப்பாடுகளையும் ஒரே குரலில் இணைத்ததே கவிமணியின் அருமை.

இத்துன்பத்தின் வேர் எங்கே உள்ளது? பெண்வழி உரிமை என்பதே தீது என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அது பொருந்தாது என்பதை மலேசியாவில் வாழும் நாம் எளிதில் உணரலாம். நெகிரி செம்பிலானில் மினாங்கபாவ் மக்கள் சுமத்திராவிலிருந்து கொண்டுவந்த 'அடாட் பெர்பாத்தே' என்னும் வழக்கிலும் பரம்பரை நிலம் பெண்வழியே செல்கிறது. 1909ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கு நிலங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அவ்வழக்கப்படி மணமகன் பெண்வீட்டிற்குச் செல்கிறான். பிள்ளைகள் பிறந்து வளரும் மண்ணும் அவர்களுக்கு உரிமையாகும் மண்ணும் ஒன்றே. மலையாள நாட்டு நாயர் குடும்பங்களிலும் பழைய முறைப்படி மனைவி தன் தறவாட்டிலேயே தங்கினாள். சந்து மேனன் 1889இல் எழுதிய 'இந்துலேகா' என்னும் மலையாளப் புதினமும் மருமக்கத்தாயக் குடும்பத்தைக் களமாகக் கொண்டதே. ஆனால் அதன் தலைவி தன் தாய்வழி வீட்டிலேயே இருக்கிறாள். அவளை எதிர்நோக்கும் கேள்வி யாரை மணப்பது என்பது. ஐந்தாம் மனைவியை எதிர்நோக்கும் கேள்வி பிள்ளைகளின் வயிறு.

நாஞ்சில் நாட்டில் நிகழ்ந்தது இருவேறு வழக்கங்களின் பொருந்தா மணம். திருமணம் தமிழ் முறைப்படி நடந்தது. பெண் கணவன் வீட்டுக்கு வந்தாள். வாரிசுரிமையோ மலையாள முறைப்படி கணவனின் சகோதரி மக்களுக்குச் சென்றது. ஆகவே, மனைவியும் மக்களும் வாழும் வீடு நாளை மருமகனுக்குரியது; அந்த மருமகன் வளரும் வீடோ வேறொரு மருமகனுக்குரியது. ஒவ்வொரு குழந்தையும் பிறர் உடைமையில் விருந்தாளியாக வளர்கிறது. வாழும் வீடு ஓரிடத்தும் வாரிசுரிமை வேறிடத்தும் பிரிந்து நின்றமையே மான்மியத்தின் துயரங்கள் அனைத்திற்கும் அடிப்படை.

இதனை உணர்ந்து படிப்போர்க்கு நூலின் கொடியவர்களும் வேறு வகையாகத் தோன்றுவர். மாமியாரைப் பாருங்கள். அவளுடைய மகளின் பிள்ளைகள் அவள் குடும்பத்தினர், அவர்களே வாரிசுகள். மகனின் பிள்ளைகளோ வழக்கத்தின் கண்ணில் வேறு குடும்பத்தினர். பேரப்பிள்ளைகளுக்குள் வேற்றுமை காட்டும்படி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வாரிசு முறையே. அவ்வாறே மருமகனுக்கும் தன் தந்தை வீட்டில் உரிமையில்லை. மாமன் சொத்தை விட்டால் அவனுக்குப் போக்கிடம் ஏது? காரணவரோ, பெற்ற மக்கள்மேல் அன்பு வைத்தால் குடும்பச் சொத்தைக் கரைப்பவராவார். குடும்பச் சொத்தைக் காத்தால் பெற்ற மக்களைப் பட்டினியிடுபவராவார். எப்பக்கம் நின்றாலும் அவர் குற்றவாளியே.

இங்கு ஒரு குறையையும் நேர்மையோடு சுட்டுதல் வேண்டும். மான்மியத்தில் மாமியாருக்கும் மருமகனுக்கும் தம் பக்கத்தை எடுத்துரைக்க இடம் தரப்படவில்லை. சொல்லுபவளின் சினமே நம் கண்ணாடியாகிவிடுகிறது. அதனால் நூலை விரைந்து படிப்பவர், 'கெட்டவர்கள் சிலர் ஒருத்தியைக் கெடுத்தனர்' என்று முடிவு செய்துவிட இடமுண்டு. அங்கதம் பாடுவோர் பலர்க்கும் நேரும் இடர் இது: மனிதரை அடிக்கும் வேகத்தில் முறையை அடிக்க மறந்ததுபோல் தோன்றிவிடும். கவிமணியைப் பொறுத்தவரை அது தோற்றமே. 'மருமக்கள்வழி' என்று நூலுக்குத் தலைப்பிட்டபோதே குற்றவாளி யார் என்பதை அவர் அறிவித்துவிட்டார்.

வகுப்பில் கூர்மையான மாணவன் ஒருவன் இவ்வாறு வினவக்கூடும்: 'தந்தை சொத்தை இழந்தவன் தாய்மாமன் சொத்தைப் பெறுகிறானே, கணக்கு நேராகிவிடுகிறதே, இதில் அநீதி எங்கே?' இது நல்ல வினா. கணக்கில் அநீதி இல்லைதான். வாழ்க்கையில் இருக்கிறது. பிள்ளைக்குப் பசி இன்றைக்கு. மாமன் சொத்தோ என்றைக்கோ. அந்தச் சொத்தும் கைக்கு வரும்வரை வேறொரு காரணவரின் ஆளுகையில் இருக்கும். தந்தைக்கோ, தம் உழைப்பின் பயன் தாம் தோள்மேல் தூக்கி வளர்த்தவனுக்குச் சேராது என்ற எண்ணம் உழைப்பிலேயே கசப்பை ஊட்டும். சட்டம் பங்கைச் சமமாக்கலாம். பாசத்தின் திசையை அதனால் மாற்ற இயலாது. பாசம் ஒரு திசையிலும் பங்கு எதிர்த்திசையிலும் இழுக்கும்போது குடும்பம் நடுவே கிழிகிறது. அந்தக் கிழிசலைத்தான் கவிமணி பாடினார்.

கிழிந்த குடும்பம் இறுதியில் சென்று சேரும் இடம் நீதிமன்றம். அதற்கெனவே 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று ஒரு படலம் உண்டு. 'கோடு' என்பது வழக்கு மன்றத்துக்கு நாஞ்சில் மக்கள் வழங்கும் சொல். கோடு ஏறினார், குடி முடிந்தது. இத்தொடர் தரும் செய்தியை ஆயிரம் அறிவுரைகள் தரா. எந்தச் சொத்துக்காக வழக்கோ அந்தச் சொத்தையே வழக்கு உண்டுவிடுகிறது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் எஞ்சுவது பகை ஒன்றே.

இனி, சீர்திருத்தம் முடிந்தது. ஆதலால் நூலும் முடிந்தது என்னும் வாதத்தைப் பார்ப்போம். திருவிதாங்கூர் அரசு 1908இலேயே மருமக்கத்தாயத்தை ஆராயக் குழு அமைத்தது. 1925இல் நாயர்களுக்கும் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கும் தனிச் சட்டங்கள் வந்தன. மனைவி மக்களுக்கு வாரிசுரிமை கிடைத்தது. குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ளவும் வழி பிறந்தது. ஒரு கவிதையே சட்டத்தை இயற்றிவிட்டது என்று புகழ்வது மிகை. மாற்றம் வேண்டிப் பலரும் நெடுங்காலம் உழைத்தனர். சட்டம் மாறட்டும் என்று பலர் வாதாடியபோது, மாறாவிடின் என்ன ஆகும் என்பதை அடுப்படியிலிருந்து காட்டியது கவிமணியின் பங்கு. இன்னொன்றும் கருதத்தக்கது. மான்மியம் நூல்வடிவம் பெற்றது 1942இல். அதாவது, அது எதிர்த்த வழக்கத்தைச் சட்டம் மாற்றிப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர். துண்டறிக்கைக்கு அந்த ஆயுள் இல்லை. இலக்கியத்துக்கே உண்டு.

ஆகவே ஆசிரிய நண்பர்கள் இந்நூலைக் கற்பிக்கும்போது, முதலில் ஒரு குடும்ப வரைபடத்தைக் கரும்பலகையில் வரையுமாறு வேண்டுகிறேன். யார் எவ்வீட்டில் வாழ்கின்றனர், யாருடைய சொத்து யாருக்குச் செல்லும் என்பதை அம்புக்குறிகளால் காட்டுங்கள். அம்புகள் அனைத்தும் வீட்டைவிட்டு வெளியே பாய்வதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அதன்பின் ஐந்தாம் மனைவியின் பேச்சைப் படியுங்கள். சிரிப்பு வரும், வரட்டும். சிரித்து முடித்தபின், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று கேளுங்கள்.

மருமக்கள்வழி மறைந்துவிட்டது. கேரளத்தில் எஞ்சியிருந்த கூட்டுக்குடும்ப முறையும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் உடன்பிறந்தார் ஒரு துண்டு நிலத்துக்காகப் பேச்சை முறித்துக்கொள்வதும், பெற்றோரைப் பேணியவள் ஒருத்தி பங்கு பெறுபவன் வேறொருவன் என்றாவதும், விதவையொருத்தி தான் வாழ்ந்த வீட்டிலேயே அந்நியளாவதும் எந்தச் சட்டத்தின்கீழும் நிகழக்கூடியனவே. அத்தகைய வீடுகளில் சொத்துப் பட்டியலில் பெயரில்லாத ஒருவரின் குரல் எங்கோ ஒரு மூலையில் ஒலித்துக்கொண்டிருக்கும். அக்குரலைக் கேட்கச் செவிகளைப் பழக்கும் நூல் என்பதனால் மான்மியம் இன்றும் கற்கத்தக்கது.