மார்பில் ஒரு நெடுஞ்சாலை

பழைய அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகள் டி-ஷர்ட்டில் இவ்வளவு எடுப்பாக அமைவதற்குப் பழமை மீதான ஏக்கம் மட்டும் காரணமல்ல. அவற்றின் வடிவமைப்பே முதற்காரணம். 1926இல் அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தபோது கேடய வடிவப் பலகையும் வந்தது: வெள்ளைப் பின்னணி, கறுப்பு விளிம்பு, மேலே மாநிலத்தின் பெயர், குறுக்கே ஒரு கோடு, கீழே 'யு எஸ்' என்ற எழுத்துகளும் பெரிய எண்ணும். ஓடும் காரிலிருந்து ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்பதால் அலங்காரத்துக்கு அதில் இடமில்லை. எதிரே நடந்து வருபவர் நம் சட்டையைக் கவனிப்பதும் அந்த ஒரு நொடிதான். ஒரே நிற மையில் அச்சிட்டாலும் அந்த உருவம் குலைவதில்லை.

போகாத சாலையை மார்பில் சுமப்பது வெறும் பகட்டு என்பார்கள். ஆனால் சிகாகோவையும் சாண்டா மோனிகாவையும் இணைத்த 66ஆம் எண் சாலையே 1985இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சாலை தன் தகுதியை இழந்த பிறகும் அந்தக் கேடயம் மக்கள் கண்ணில் நிலைத்திருப்பதில் துணிக்கும் பங்குண்டு. துருவையும் விரிசலையும் செயற்கையாகச் சேர்த்த அச்சுகளைத்தான் பகட்டு என்று சொல்ல வேண்டும். அவை எழுத்தின் தெளிவையே கெடுக்கின்றன. வாங்குவதானால் மாநிலப் பெயரும் கோடும் சிதையாத, சுத்தமான அச்சாகப் பார்த்து வாங்குங்கள்.