முகத்தில் கை வைக்கலாமா?

பூசணம் பூத்து, கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மீட்டுத் தருவது சின்ன வேலை அல்ல. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி உலர்த்தினார்கள். பல நாடுகளின் டச்சிங் கலைஞர்கள் அவற்றின் ஸ்கேன்களை வாங்கி ஃபோட்டோஷாப்பில் சரிசெய்து கொடுத்தார்கள். வீடே போனவர்களுக்குக் கல்யாணப் படமாவது கைக்கு வந்தது. ஃபோட்டோஷாப்பின் பெருமைக்கு இது ஒன்றே போதும்.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சட்டையில் கீறல் விழுந்திருந்தால், பக்கத்துத் துணியின் நிழலையும் புள்ளிகளையும் குளோன் ஸ்டாம்ப் என்ற கருவியால் எடுத்து அங்கே நிரப்புவார்கள். 2002-இல் வந்த ஹீலிங் பிரஷ் அதை இன்னும் எளிதாக்கியது. எப்படியானாலும் நிரப்புவது பெரும்பாலும் அந்தப் படத்தில் இருப்பதைக் கொண்டுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் வழி வேறு. மங்கிய முகத்தைக் கொடுத்தால், தாம் பழகிய ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றைப் புதிதாக வரைந்து தருகின்றன. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘பல்ஸ்’ என்ற கருவியிடம் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பாம்படம் அணிந்து தோள்வரை காது தொங்கிய ஒரு பாட்டியின் படத்தைச் செயலியில் ‘தெளிவாக்கி’ இருந்தார்கள். காது குட்டையாகி, கம்மல் போட்டிருந்தது. நெற்றியில் பச்சை குத்திய புள்ளியைச் செயலி கறையென்று துடைத்திருந்தது. படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் அது அந்தப் பாட்டி இல்லை. பேரப்பிள்ளைகள் இனி இந்த முகத்தைத்தான் அவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“கலரைக் கொஞ்சம் ஏத்திடுங்க” என்று கேட்டு, செத்துப்போன தாத்தாவைச் சிவப்பாக்கும் வழக்கமும் இந்தக் குற்றத்தில் சேர்ந்ததுதான். அதற்குச் செயலி தேவையில்லை, நம் மனசே போதும்.

இதன் உச்சத்தை 2021-இல் பார்த்தோம். கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்சி கொல்வதற்கு முன் எடுத்து வைத்த கைதிகளின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் பூசினார். சில முகங்களில் புன்னகையையும் சேர்த்தார். கம்போடிய அரசு கண்டித்தது, வெளியிட்ட இணைய இதழ் படங்களை நீக்கியது. வண்ணத்தைக்கூட ஒருவாறு பொறுக்கலாம். கொலைக்குக் காத்திருந்தவர் முகத்தில் சிரிப்பை வைப்பது சாட்சியத்தை அழிப்பது.

ஆகவே என் தீர்ப்பு இது: கீறலும் கறையும் போகட்டும், பின்னணி சீராகட்டும். முகத்தில் இல்லாததை வரையக் கூடாது. ஸ்டுடியோவுக்குப் படம் கொடுக்கும்போது, கை வைக்குமுன் எடுத்த ஸ்கேனையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய பிரிண்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய படத்தின் பின்பக்கம், எந்த ஆண்டு எதைத் திருத்தினோம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.