'கண்ணாடி வார்ப்புகள்': சகோதரனின் குற்றவுணர்வும் லோறாவின் சொல்லும்

ரெனசி வில்லியம்ஸின் (1911–1983) இந்நாடகம் 1944 டிசெம்பரில் சிக்காகோவில் முதன்முதலாக மேடையேறியது. 1970களின் பிற்பகுதியில் க. பாலேந்திராவின் நெறியாள்கையில் 'கண்ணாடி வார்ப்புகள்' என்ற பெயரில் ஈழத்துத் தமிழ்ப் பார்வையாளரையும் வந்தடைந்தது. குடும்பத்தைக் கைவிட்டுச் சென்ற சகோதரனின் துயராகவே பெரும்பாலும் நோக்கப்படும் இதனை, உடன்பிறந்தாளின் ஊனத்தை ஏற்றல் என்ற நிலையினின்று மீள நோக்குதல் அவசியமாகின்றது.

சிறுபராய நோயினாற் கால் ஊனமுற்ற லோறா, தான் ஊனமுற்றவள் என்பதைத் தானே கூறுகின்றாள். தாய் அமண்டா அச்சொல்லை வீட்டில் உச்சரிக்கவே தடைவிதிக்கின்றாள். உண்மையை முகங்கொள்ளுமாறு தாயிடம் வாதிடும் ரொம், லோறாவிடம் அதிகம் எதிர்பார்க்கலாகாது என்பதற்கே அவ்வுண்மையைப் பயன்படுத்துகின்றான். தாயின் மறுப்புக்கும் சகோதரனின் இரக்கத்துக்குமிடையே அவளது சொல்லைச் செவிமடுப்பார் எவருமிலர். ஏற்றல் என்பது அச்சொல்லை அவளுக்குரியதாக மதிப்பதிலேயே தொடங்கும்.

இதனை வெறும் குடும்ப உளவியலாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1930களின் பொருளாதார மந்தத்தில், பாதணிப் பண்டகசாலையில் ரொம் பெறும் மாதம் 65 டொலரே அவ்வீட்டின் பிரதான ஆதாரம். அங்கவீனருக்கான காப்புறுதிக் கொடுப்பனவு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றது 1956இலேயே. ஆதலின் திருமணம், சகோதரனின் தியாகம் என்ற இரு வழிகளையன்றி அக்குடும்பத்தாற் பிறிதொன்றைக் காணமுடியவில்லை. ஆயினும் 1935இலேயே நியூயோர்க்கில் அங்கவீனரான இளைஞர்கள் நிவாரணப் பணியகத்தினுள் அமர்ந்து, அரச வேலைத்திட்டங்களில் தமக்கும் இடங்கோரிப் போராடினர். லோறாவின் வீட்டில் விலக்கப்பட்ட அடையாளம் அங்கு உரிமைக் குரலாயிற்று. குவேர்னிக்காவையும் தொழிலாளர் கிளர்ச்சிகளையும் தன் முன்னுரையிற் சுட்டும் ரொம், இப்போராட்டத்தைச் சுட்டவில்லை.

வில்லியம்ஸின் தமக்கை றோஸ் நாட்பட்ட உளநோயினால் வருந்தியவர். 1943இல் மூளைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். அவரது பராமரிப்புக்கு வில்லியம்ஸ் தம் மரணசாசனத்தில் வழிசெய்தார். றோஸ் 1996 வரை வாழ்ந்தார். நாடகத்திலோ, மெழுகுதிரிகளை அணைத்துத் தன்னை விடுவிக்குமாறு நினைவிலுள்ள லோறாவை ரொம் இறைஞ்சுகின்றான். குற்றவுணர்வு எவ்வளவு உண்மையானதாயினும் அது மேடையின் மையத்தைச் சகோதரனுக்கே அளிக்கின்றது. உடன்பிறந்தாளின் வாழ்வோ அம்மன்னிப்புக்கோரலின் பின்னரும் தொடர்வது. ஆகவே இந்நாடகத்தை இனித் தமிழில் மேடையேற்றுவோர், ரொமின் இறுதியுரைக்கு வழங்கும் அதே கனத்தை, லோறா தன் சொல்லைக் கூறும் கணத்துக்கும் வழங்குதல் வேண்டும்.